அட்டையில் பொறித்த குலம்

முதலாம் எலிசபெத் அரசியின் அவையில் முப்பதாண்டுக் காலம் யாரும் அசைக்க முடியாத இடத்தில் இருந்தவர் ராபர்ட் டட்லி, லெஸ்டர் பிரபு. அவருடைய புத்தகங்களின் தோல் அட்டை நடுவில் தங்கத்தில் ஒரு கரடி நிற்கும். வாய்க்கட்டும் சங்கிலியும் பூண்ட கரடி. கிளைகளைத் தறித்த கணுக்கணுவான ஒரு கம்பை முன்கால்களால் பிடித்திருக்கும். கரடியின் தோளில் சிறு பிறை. இருபுறமும் அவர் பெயரின் முதலெழுத்துகள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள நூலகங்களில் இந்தக் கரடி பொறித்த புத்தகங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஒரு பெரிய தொகுதி லண்டனில் கேண்டர்பரி பேராயரின் இருப்பிடமான லாம்பெத் அரண்மனை நூலகத்தில் இருக்கிறது.

இந்தக் கரடியைப் பார்த்ததும் டட்லி ஒரு பெரிய படிப்பாளி என்று முடிவு கட்டுவது நெடுநாளைய வழக்கம். அவர் 1564இலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வேந்தர். இத்தாலிய மொழி அறிந்தவர். ஆகவே முடிவு தவறென்று சொல்ல முடியாது. ஆனால் கரடி சொல்லும் சேதி வேறு. அவருடைய பாட்டனார் எட்மண்ட் டட்லி 1510இல் தலை வெட்டப்பட்டு இறந்தார். தந்தை ஜான் டட்லி 1553இல் அதே முடிவை அடைந்தார். அடுத்த ஆண்டு ராபர்ட்டுக்கும் மரண தண்டனை விதித்தார்கள். பிறகு மன்னிப்புக் கிடைத்தது. ராஜத் துரோகக் குற்றம் உறுதியானால் அந்நாள் ஆங்கிலச் சட்டத்தில் நிலமும் பட்டமும் குலப்பெருமையும் சேர்ந்தே பறிபோகும். அப்படிப்பட்ட குடும்பத்தின் பிள்ளை, வார்விக் பிரபுக்களின் பழம்பெரும் சின்னமான கரடியையும் கணுக்கோலையும் மறுபடி கையில் எடுக்கிறார். தோளிலிருக்கும் பிறை, இளைய மகனுக்கு உரிய குறி. வார்விக் பட்டம் அண்ணன் ஆம்ப்ரோஸிடம் இருந்தது. ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள், நாங்கள் யார், எங்களில் நான் எத்தனையாமவன், எங்களுடையதாக இருந்தவை மறுபடி எங்களிடம் வந்துவிட்டன என்ற மூன்றையும் சொல்லிவிடுகிறது அந்த அச்சு. உள்ளே இருப்பது சட்டமா, இறையியலா, குதிரை வளர்ப்பா என்பது இதற்கு இரண்டாம்பட்சம்.

குலச்சின்னம் பொறித்த அட்டைகளைப் படிக்கும் முறையைப் பற்றி என் கருத்து இதுதான்: அவை ஒருவர் என்ன படித்தார் என்பதற்கான சான்றாக மிகவும் பலவீனமானவை. யார் யாருக்குக் கடன்பட்டிருந்தார்கள், யாருக்கு யார் உறவு, யாருடைய சொத்து யாரிடம் போனது என்பதற்கோ அவற்றைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இதை விளங்கிக்கொள்ள, புத்தகம் அந்தக் காலத்தில் எப்படி விற்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டு லண்டனில் புனித பால் தேவாலய வளாகத்துக் கடைகளில் பல புத்தகங்கள் கட்டாத தாள்களாகவே கிடைத்தன. வாங்குபவர் தம் வசதிக்கேற்ப பைண்டரிடம் கொடுத்துக் கட்டிக்கொள்வார். சேக்ஸ்பியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டுப் பெரும் தொகுப்பு கட்டாமல் 15 ஷில்லிங், சாதாரணக் கன்றுத்தோலில் கட்டினால் ஒரு பவுண்டு அளவில் விற்றது என்பது பொதுவான கணக்கு. ஒரு பவுண்டுக்கு இருபது ஷில்லிங். வெறும் கன்றுத்தோலுக்கே நாலில் ஒரு பங்கு என்றால், தங்கம் ஏறிய அட்டைக்கு என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

தங்கம் ஏற்றும் தொழில்நுட்பம் இங்கிலாந்தில் பிறந்ததல்ல. இஸ்லாமிய நாடுகளின் பைண்டர்களிடமிருந்து பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலிக்கு வந்து, பிரான்ஸ் வழியாக, 1520ஐ ஒட்டித்தான் ஆங்கிலேயரிடம் வந்து சேர்ந்தது. தோலின்மேல் முட்டையின் வெள்ளைக்கருவைப் பூசி உலர்த்துவார்கள். அதன்மேல் தங்க ரேக்கை விரித்து, சூடேற்றிய பித்தளை அச்சை அழுத்துவார்கள். சூடு பட்ட இடத்தில் மட்டும் ரேக்கு தோலோடு ஒட்டிக்கொள்ளும்; மற்றதைத் துடைத்து எடுத்துவிடலாம். சிறு பூ, கொடி போன்றவற்றைக் கையாலேயே அழுத்திவிடுவார்கள். முழுக் கேடயமும் அடங்கிய பெரிய அச்சுக்கு அழுத்துபொறி வேண்டும். எட்டாம் ஹென்றியின் அரச அச்சாளர் தாமஸ் பெர்த்லெட் 1541 முதல் 1543 வரை அரசருக்கு அனுப்பிய கணக்குச் சீட்டு இன்றும் இருக்கிறது. வெனிஸ் பாணியில் கட்டியவை, வெல்வெட்டில் கட்டியவை, தங்கம் ஏற்றியவை என்று அதில் தனித்தனியாகக் குறித்திருக்கிறார். கைத்தேர்ச்சி மிக்க பைண்டர்களில் சிலர் பிரான்ஸிலிருந்து மதக் கலவரத்துக்குத் தப்பி வந்த ஹியூகனாட்டுகள் என்ற பிராட்டஸ்டண்டுகள்.

பித்தளையில் அச்சு வெட்டுவதுதான் செலவு. ஒருமுறை வெட்டிவிட்டால் நூறு புத்தகங்களுக்கும் அதே அச்சுதான். ஆகவே தனக்கென ஓர் அச்சு வைத்திருந்தவர் தொடர்ந்து புத்தகம் சேர்க்கப் போகிறவர், அல்லது அப்படித் தோன்ற விரும்புகிறவர்.

அச்சு அட்டையின் நடுவில் இருப்பதற்கும் காரணம் உண்டு. இன்று நாம் புத்தகத்தின் முதுகு வெளியே தெரியும்படி அடுக்குகிறோம். அந்தக் காலத்தில் முதுகு சுவர்ப் பக்கம் இருக்கும். தாள் விளிம்புதான் வெளியே தெரியும். நூலின் பெயரை அந்த விளிம்பில் மையால் எழுதி வைப்பதுண்டு. ஆகவே அலமாரியில் நிற்கும்போது கரடி யார் கண்ணிலும் படாது. அதைப் பார்க்க வேண்டுமானால் புத்தகம் மேசைமீது கிடக்க வேண்டும், அல்லது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போக வேண்டும். அரசவையில் புத்தகம் பெரும்பாலும் அப்படித்தான் நடமாடியது: ஒருவர் மண்டியிட்டு நீட்ட, இன்னொருவர் வாங்கிக்கொள்ள.

புத்தாண்டு அன்று ஆட்சியாளருக்குப் பரிசு கொடுப்பது ட்யூடர் அவையின் கட்டாய வழக்கம். 1544ஆம் ஆண்டின் கடைசியில், பதினொரு வயது எலிசபெத் தன் சிற்றன்னை கேத்தரின் பாருக்காக ஒரு பிரெஞ்சு பக்திக் கவிதை நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து, தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். நீலத் துணி அட்டையில் வெள்ளி நூலால் பின்னல் வேலை. நடுவில் கேத்தரினுடைய பெயரின் முதலெழுத்துகள். ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் அது இருக்கிறது. எழுதியவளும் எலிசபெத், அட்டையைத் தைத்தவளும் அவளே என்பது மரபான நம்பிக்கை. ஆனால் அட்டையில் இருப்பது பெறுபவரின் பெயர். அரசவைப் புத்தகத்தின் இலக்கணம் இந்த ஒரு சிறு பொருளிலேயே அடங்கிவிடுகிறது. பெறுபவரின் சின்னத்தைக் கொடுப்பவரே பொறித்துக் கொடுப்பார். அப்படியானால் லெஸ்டரின் கரடியும் சில வேளை, அவர் வாங்கிய புத்தகத்தை அல்லாமல், அவர் தயவை நாடி யாரோ கொண்டுவந்து வைத்த புத்தகத்தைக் குறிக்கலாம். அவர் வாழ்நாளில் அவருக்குச் சமர்ப்பணம் செய்து அச்சான நூல்கள் நூற்றை ஒட்டியவை. சமர்ப்பணம் எழுதியவர் வெறுங்கையோடு போயிருக்க மாட்டார்.

அரசச் சின்னத்தில் இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் முதல் முப்பது, நாற்பது ஆண்டுகளில் கட்டிய எத்தனையோ சாதாரண ஆங்கிலப் புத்தகங்களில், தங்கமில்லாமல் வெறுமனே அழுத்திய பெரிய பலகை அச்சுகளைப் பார்க்கலாம். ஒரு பக்கம் அரச கேடயம், மறுபக்கம் ட்யூடர் ரோஜா. பழைய ஏல விற்பனையாளர்கள் இவற்றை ‘எட்டாம் ஹென்றியின் நூலகத்திலிருந்து’ என்று விளம்பரப்படுத்தி நல்ல விலைக்கு விற்றார்கள். உண்மையில் இவை லண்டன் பைண்டர்களின் கடைச் சரக்கு. அரச பக்தியும் அழகும் சேர்ந்த ஒரு வடிவமைப்பு. நம்மூர்ப் பட்டாசுப் பெட்டியில் லட்சுமி படம் இருப்பதால் பெட்டி கோயிலுக்குச் சொந்தமாகிவிடாது. இதற்கு மாறாக, முடி சூடிய ஒரு வல்லூறு செங்கோல் ஏந்தி மரக்கட்டையின்மேல் நிற்கும் சிறு அச்சைப் பார்த்தால் நிமிர்ந்து உட்காரலாம். அது எலிசபெத்தின் தாய் ஆன் போலினின் சின்னம். தாயின் தலையைத் தந்தை வெட்டச் செய்த பிறகும், அந்த வல்லூறை எலிசபெத் தன் புத்தகங்களில் பயன்படுத்தினார். கடையில் கிடைக்கும் அலங்காரம் அல்ல அது.

1598இல் லண்டன் வந்த ஜெர்மானியப் பயணி பால் ஹென்ட்ஸ்னர், வைட்ஹால் அரண்மனையில் அரசியின் புத்தகங்களைப் பார்த்தார். பல நிற வெல்வெட்டில், பெரும்பாலும் சிவப்பில், தங்க வெள்ளிக் கொக்கிகளோடும் சிலவற்றில் முத்தும் மணியும் பதித்தும் இருந்ததாகக் குறிப்பிடுகிறார். வெல்வெட் அழிந்துபோகும் பொருள். முத்தைப் பிடுங்கிக்கொள்ளலாம். இன்று நம்மிடம் தோல் அட்டைகள் மிகுதியாக இருப்பதால் அந்த அரசவையைப் பழுப்பு நிறத்தில் கற்பனை செய்கிறோம்.

ஒரு புத்தகம் எத்தனை கைகள் மாறும் என்பதற்கு, ஆங்கில நூலக வரலாற்றிலேயே வளமான உதாரணம் ஆரண்டல், லம்லி சேகரிப்பு. பேராயர் தாமஸ் கிரான்மர் பெரிய நூலகம் வைத்திருந்தார். 1553இல் கத்தோலிக்கரான மேரி அரியணை ஏறியதும் அவரைச் சிறையில் தள்ளினார்கள். 1556இல் ஆக்ஸ்ஃபோர்டில் எரித்தார்கள். பறிமுதலான அவர் புத்தகங்களில் பெரும்பகுதி, மேரிக்கு ஆதரவாக நின்ற ஹென்றி ஃபிட்ஸ்ஆலன், ஆரண்டல் பிரபுவுக்குப் போனது. அவருடைய சின்னம், வாயில் ஓக் கொப்பு கவ்வி ஓடும் குதிரை. சர்ரேயில் நான்சச் அரண்மனையையும் மேரியிடமிருந்து பெற்று, புத்தகங்களை அங்கே வைத்தார். 1580இல் அவர் இறந்ததும் நூலகம் மருமகன் ஜான் லம்லிக்கு வந்தது.

லம்லி அதிகம் பேசப்படாதவர், ஆனால் பேச வேண்டியவர். எலிசபெத்தை அரியணையிலிருந்து இறக்கத் தீட்டிய ரிடால்ஃபி சதியில் சிக்கிச் சிறை சென்றவர். அரசவையில் அதன்பின் பெரிய எதிர்காலம் எதுவும் அவருக்கு இல்லை. கடனுக்கு ஈடாக நான்சச் அரண்மனையையே 1592இல் அரசிக்குக் கொடுத்துவிட்டார். நூலகத்தை மட்டும் விடவில்லை. 1596இல் முறையான பட்டியல் ஒன்றைத் தயாரிக்கச் செய்தார். ஏறக்குறைய மூவாயிரம் நூல்கள். தனியார் சேகரிப்பாக அந்நாளில் இங்கிலாந்திலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. அவருடைய முதல் மனைவி ஜேன், ஆரண்டலின் மகள், யூரிப்பிடிஸின் இஃபிஜீனியா நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். கிரேக்க நாடகம் ஒன்றுக்குக் கிடைக்கும் முதல் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. இந்த நூலகத்தில் இருந்த கிரேக்கப் புத்தகங்கள் அழகுக்காக இருந்தவை அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். லம்லியின் அடையாளமோ, தலைப்புப் பக்கத்தின் அடியில் மையால் எழுதிய ஒற்றைச் சொல்: அவர் பெயர்.

லம்லி 1609இல் பிள்ளையில்லாமல் இறந்தார். ஸ்டூவர்ட் மன்னர் முதலாம் ஜேம்ஸ் தன் மூத்த மகன் ஹென்றிக்காக நூலகத்தைப் பெற்றார். பதினைந்து வயதுப் பையனுக்கு ஒரே நாளில் இங்கிலாந்தின் தலைசிறந்த நூலகம் கிடைத்துவிட்டது. பழைய அட்டைகள் பலவற்றைக் கழற்றிவிட்டு, புது கன்றுத்தோல் போர்த்தி, பெரிய அரச கேடயம் பொறித்தார்கள். கேடயத்தின் மேல்விளிம்பில் மூன்று தொங்கல் கொண்ட பட்டை; அரியணை வாரிசுக்கு உரிய குறி. நான்கு மூலைகளிலும் ரோஜா, இறகு, சிங்கம் என்று பெரிய அச்சுகள். அளவில் கொஞ்சம் மிஞ்சியவை என்றே எனக்குத் தோன்றும். 1612 நவம்பரில், பதினெட்டு வயதில், ஹென்றி காய்ச்சலில் இறந்துபோனார். நான்கு ஆண்டுகளுக்கும் குறைவான உடைமை. எத்தனை புத்தகங்களைப் பிரித்திருப்பாரோ. ஆனால் அட்டையை மட்டும் பார்ப்பவருக்கு அவை இளவரசர் ஹென்றியின் புத்தகங்கள். உள்ளே திருப்பினால் ஒரே தலைப்புப் பக்கத்தில் கிரான்மரின் பெயர், ஆரண்டலின் பெயர், லம்லியின் பெயர் என்று மூன்று கையெழுத்துகள் வரிசையாக நிற்பதுண்டு. பிராட்டஸ்டண்ட் தியாகி, அவருடைய சொத்தைப் பெற்ற கத்தோலிக்கப் பிரபு, சதியில் மாட்டிய மருமகன், அவர்கள்மேல் போர்த்திய ஸ்டூவர்ட் வாரிசின் தங்கம். 1757இல் இரண்டாம் ஜார்ஜ் பழைய அரச நூலகத்தை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தபோது இவையும் போயின. அருங்காட்சியகம் இரட்டைப் பிரதிகள் என்று சொல்லிச் சிலவற்றை ஏலம் விட்டது. ஒரே நூலின் இரு பிரதிகள் ஒன்றுக்கொன்று மாற்றாகிவிடும் என்ற எண்ணம் இருந்த காலம் அது.

திருமணமும் சாவும் புத்தகங்களை நகர்த்திய வேறு கதைகளும் உண்டு. எலிசபெத்தின் அன்புக்குரியவராகி, பின்பு லார்ட் சான்ஸலராகவும் உயர்ந்த கிறிஸ்டோஃபர் ஹாட்டனின் சின்னம் பொன்னிறப் பெண்மான். உலகைச் சுற்றி வந்த டிரேக் தன் கப்பலுக்குப் பயணத்தின் நடுவே அந்த மானின் பெயரைச் சூட்டியது ஹாட்டனுக்குச் செய்த மரியாதை. 1591இல் அரசுக்குப் பெருங்கடன் வைத்துவிட்டு ஹாட்டன் இறந்தார். வாரிசான சகோதரி மகனும் சில ஆண்டுகளில் மறைய, அவருடைய விதவை எலிசபெத் ஹாட்டனை 1598இல் மணந்தவர் சட்ட மேதை எட்வர்ட் கோக். கணவனும் மனைவியும் ஆயுள் முழுக்கச் சண்டை போட்டார்கள். மனைவி கடைசிவரை தன்னை லேடி ஹாட்டன் என்றே அழைத்துக்கொண்டார். ஹாட்டனின் இத்தாலியப் புத்தகங்கள் மட்டும் கோக்கிடம் தங்கிவிட்டன. நார்ஃபோக்கில் கோக் வழியினரின் ஹோக்கம் மாளிகையில் அவை இருக்கின்றன.

கொள்ளையும் ஒரு வழி. 1596இல் எசெக்ஸ் பிரபு ஸ்பெயினின் கடிஸ் துறைமுகத்தைத் தாக்கிவிட்டுத் திரும்பும்போது, போர்ச்சுகலின் ஃபாரோ நகரில் இறங்கினார். ஆயர் மஸ்கரேன்யாஸின் நூலகத்தை அப்படியே அள்ளிக்கொண்டார். சில ஆண்டுகளில் அதில் பெரும்பகுதியைத் தாமஸ் பாட்லி ஆக்ஸ்ஃபோர்டில் அமைத்துக்கொண்டிருந்த நூலகத்துக்குப் பரிசாக அளித்தார். அட்டைகளில் ஆயரின் குலச்சின்னம் தங்கத்தில் அப்படியே இருக்கிறது. கொள்ளையடித்த பொருளைத் தானமாகக் கொடுத்த பெருந்தன்மைக்கு எசெக்ஸின் சின்னம் எங்கும் தேவைப்படவில்லை. அந்த ஆயர் பின்னாளில் போர்ச்சுகலின் தலைமை மதவிசாரணையாளராகி, 1624இல் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலை வெளியிட்டார். புத்தகத்தின் அருமை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் எதிர்முனையில் எலிசபெத்தின் அரசவையினரான வால்டர் ராலே. 1603 முதல் 1616 வரை லண்டன் கோபுரச் சிறையில் இருந்தபோது தன்னிடமிருந்த சுமார் 500 புத்தகங்களைத் தன் குறிப்பேட்டில் பட்டியலிட்டார். உலக வரலாற்றை எழுதிய கை அது. 1614இல் அச்சான அந்த நூலுக்கு அந்தப் புத்தகங்கள்தான் மூலப்பொருள். அட்டைகளை மட்டும் நம்பி அரசவையினரின் நூலகங்களைக் கணக்கெடுத்தால், ராலே ஏறக்குறைய கண்ணிலேயே பட மாட்டார்.

பெண்களும் அப்படித்தான். திருமணமான பெண்ணின் அசையும் சொத்து கணவனுடையது என்பது அந்நாள் ஆங்கிலச் சட்டம்; கேடயமும் கணவனின் கேடயத்தோடு இணைந்தே வரும். எலிசபெத்தின் முதன்மை அமைச்சர் வில்லியம் செசிலின் மனைவி மில்ட்ரெட், கிரேக்கத்தில் தேர்ந்தவர். தன் புத்தகங்களில் தன் பெயரைத் தானே எழுதி வைத்தார். கல்லூரிகளுக்குத் தன் பெயரிலேயே நூல்களை வழங்கினார். அந்த மைக்குறிகள் இல்லாவிட்டால் எல்லாமே செசிலின் கணக்கில் சேர்ந்திருக்கும்.

கெனல்ம் டிக்பி இந்தக் கதையில் கொஞ்சம் விசித்திரமானவர்: அரசவையினர், கடற்கொள்ளைக்கு உரிமம் பெற்றவர், வேதியியல் ஆர்வலர், கத்தோலிக்கர். தன் குலச்சின்னத்தையும் மனைவி வெனிஷியா ஸ்டான்லியின் சின்னத்தையும் ஒரே கேடயத்தில் பாதிப் பாதியாக இணைத்து அச்சு வெட்டினார். வெனிஷியா 1633இல் இளவயதில் திடீரென இறந்தார். அடுத்த ஆண்டு, ஆசிரியர் தாமஸ் ஆலன் தமக்கு விட்டுச்சென்ற இருநூற்றுக்கு மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகளைத் தன் சின்னம் பொறித்துக் கட்டி பாட்லியனுக்குக் கொடுத்தார் டிக்பி. ஆலன் பல பத்தாண்டுகள் தேடிச் சேர்த்தவை இன்று டிக்பி சுவடிகள் என்றே அழைக்கப்படுகின்றன. டிக்பியின் பிற்காலச் சேகரிப்பு பாரிஸில் இருந்தது. 1665இல் அவர் இறந்ததும், அந்நியரின் சொத்து மன்னருக்கே என்ற பிரெஞ்சுச் சட்டப்படி அது பறிபோனது. உறவினரான பிரிஸ்டல் பிரபு அதை மீட்டு வாங்கினார். அவரும் மறைந்தபின் 1680இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. இங்கிலாந்தில் புத்தக ஏலம் தொடங்கியதே 1676இல்தான்.

ஏலம் வந்தபின் சின்னத்தின் வேலை மாறியது. விலையைக் கூட்டும் பொருளாகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சேகரிப்பாளர்கள் அட்டைக்காகவே புத்தகம் வாங்கினார்கள். தேவை இருந்த இடத்தில் போலியும் வந்தது: லூயி ஹாகே என்ற பெல்ஜிய பைண்டர் பதினாறாம் நூற்றாண்டு அரச அட்டைகளைத் தயாரித்து லண்டன் செல்வர் ஒருவரின் பணத்தைக் கரைத்தார். சிரில் டேவன்போர்ட் 1909இல் ஆங்கிலக் குலச்சின்ன அச்சுகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். இப்போது டொரண்டோ பல்கலைக்கழகத்தின் இணையத் தரவுத்தளத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுகள் இருக்கின்றன. ஒரு பிறையோ தொங்கல் பட்டையோ இருந்தால் எந்த மகன், எந்த ஆண்டுக்குப் பின் என்று குறுக்கிக்கொண்டே போகலாம். அதன் பயனை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அச்சு வெட்டியவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள்.

பட்டியல்களின் பக்கம் திரும்பினால் வேறு ஆட்கள் தென்படுகிறார்கள். பிரிட்ஜ்வாட்டர் சீமாட்டி ஃபிரான்ஸஸ் எஜர்டன், தன் பெயரின் இரண்டு முதலெழுத்துகளை மட்டும் அட்டைகளில் பொறித்துக்கொண்டவர். 1627 அக்டோபரில் அவருடைய லண்டன் புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் போடத் தொடங்கினார்கள். இருநூற்றுக்கு மேற்பட்ட நூல்கள்: பிரசங்கங்கள், பக்தி நூல்கள், வரலாறு, பிரெஞ்சுப் புத்தகங்கள். இவற்றோடு, சேக்ஸ்பியர் நாடகங்கள் சேர்த்துக் கட்டிய ஒன்றும். நாடகங்கள் போன்ற சில்லறைப் புத்தகங்கள் தன் நூலகத்துக்குள் வரக் கூடாது என்று பாட்லி பிடிவாதமாக இருந்த தலைமுறையில், ஒரு சீமாட்டி அவற்றைக் கட்டிவைத்துப் பட்டியலிலும் ஏற்றியிருக்கிறார். குடும்ப நூலகம் 1917இல் விலைபோனபோது அந்தப் பட்டியலும் கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்துக்குச் சென்றுவிட்டது.